தட்டையான படை எப்படி உடம்பாக மடிகிறது? முளையத்தின் முதல் வாரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் வகுப்பு எடுக்கிறேன். முளைய விருத்திப் பாடம் வரும் மாதத்தில் வகுப்பு ஒருநாளும் நேரத்துக்கு முடிந்ததில்லை. பிள்ளைகள் கேட்பது ஒரு பக்கம். அவர்களைக் கூட்டிப்போக வந்து படிக்கட்டில் நிற்கும் அம்மாமார் கேட்பது இன்னொரு பக்கம். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் சொற்கள். தமிழ்நாட்டில் ‘செல்’ என்பது எங்களுக்குக் ‘கலம்’. ‘கரு’ என்றால் கலத்துக்குள் இருக்கும் கருவும்தான், வயிற்றில் வளர்வதும்தான். குழப்பம் வேண்டாம் என்று வளர்வதை ‘முளையம்’ என்றே எழுதுகிறேன். ‘படை’ என்றால் விரிப்புப்போல் பரந்து நிற்கும் கல அடுக்கு. படைகளின் பெயர்கள் பாடப்புத்தகத்தில் பஸ் நீளத்துக்கு இருக்கும். இங்கே புறப்படை, இடைப்படை, அகப்படை என்று சுருக்கிக்கொள்கிறேன். பரீட்சையில் சுருக்காதீர்கள்.

கருக்கட்டிய முதல் இரண்டு வாரத்தில் என்ன நடக்கிறது?

பெரும்பாலும் பிரிவுதான். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஐந்தாறு நாளில் உள்ளே நீர் நிறைந்த ஒரு பந்து. அது கருப்பைச் சுவரில் பதிந்து, இரண்டாம் வாரம் முடியும்போது நடுவில் இரண்டு படை கொண்ட ஒரு சின்னத் தட்டு மிஞ்சும். ஒரு மில்லிமீற்றர்கூட இராது. மேலே ஒரு நீர்ப்பை, கீழே ஒரு பை, நடுவே இந்தத் தட்டு. தலை இல்லை, முதுகு இல்லை, உள், வெளி என்ற பேச்சே இல்லை.

பிறகு சேர்ந்து வரும் நஞ்சுக்கொடி, பைகள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டால், பிள்ளையாகப் போவது இந்தத் தட்டு மட்டும்தான்.

அப்படியானால் காஸ்ட்ருலேஷன் என்பது?

இரண்டு படைத் தட்டு மூன்று படையாக மாறும் மூன்றாம் வாரக் கதை. தட்டின் மேற்படையில், பின்பக்க விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒரு கோடு விழுகிறது. ஆதிக்கோடு என்று வைத்துக்கொள்வோம். மேற்படைக் கலங்கள் இரு பக்கத்திலிருந்தும் அந்தக் கோட்டை நோக்கி நகர்ந்து வந்து, கோட்டில் இறங்கி, கீழே போய்ப் பரவுகின்றன. முதலில் இறங்குகிறவற்றில் ஒரு பகுதி பழைய கீழ்ப்படையைத் தள்ளிவிட்டு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதுதான் அகப்படை: குடலின் உள்வரி, ஈரல், சதையி, நுரையீரலின் உள்வரி. நடுவில் தங்குபவை இடைப்படை: எலும்பு, தசை, இதயம், இரத்தம், சிறுநீரகம். இறங்காமல் மேலேயே நின்றவை புறப்படை: தோல், மூளை, நரம்பு.

பாதிப் பிள்ளைகள் இந்த இடத்தில் பிழை விடுவார்கள். ஏற்கனவே இருந்த இரண்டு படையோடு நடுவில் மூன்றாவது ஒன்று சேர்ந்தது என்று எழுதுவார்கள். இல்லை. மூன்று படையும் மேற்படையிலிருந்துதான் வருகின்றன. பழைய கீழ்ப்படை உடம்புக்குள் வருவதே அரிது. வெளியே இருக்கும் பைக்குத்தான் அது முக்கியம்.

கலம் ‘இறங்குகிறது’ என்றால் எப்படி? அதற்குக் கால் இருக்கிறதா?

கிட்டத்தட்ட இருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஒரு வேலை உண்டு. மேற்படையில் கலங்கள் செங்கல் அடுக்கியதுபோல் ஒட்டி நிற்கின்றன. ஒட்டவைப்பது கட்ஹெரின் என்ற புரதம். ஜப்பானிய விஞ்ஞானி மசத்தோஷி தக்கெய்ச்சி கண்டுபிடித்தது; கல்சியம் இருந்தால்தான் ஒட்டும், கல்சியத்தை எடுத்துவிட்டால் கலங்கள் பிரிந்துவிடும். ஆதிக்கோட்டுக்கு வந்த கலம் முதலில் இந்த ஒட்டைக் குறைக்கிறது. அதன் மேல்முனை ஒடுங்கி, உடல் கீழே தொங்கி, போத்தல் மாதிரி ஆகிறது. அடியில் இருக்கும் மெல்லிய சவ்வைக் கரைக்கிறது. கடைசியில் கழுத்தையும் இழுத்துக்கொண்டு கீழே விழுகிறது. விழுந்தபின் அது செங்கல் அல்ல. விரல் நீட்டிப் பிடித்து, உடலை இழுத்து, பின்பக்கத்தை விடுவித்து ஊர்கிற தனிக் கலம்.

கட்ஹெரினை நிறுத்தச் சொல்லும் பரம்பரையலகுகளில் (ஜீன்களில்) ஒன்றின் பெயர் ‘ஸ்னெயில்’, நத்தை. பழ ஈயில் கண்டுபிடித்த பெயர் மனிதன் வரை வந்துவிட்டது. இதே ஒட்டைக் கழற்றி ஊரும் வித்தையைத்தான் சில புற்றுநோய்க் கலங்களும் இடம்விட்டு இடம் பரவும்போது எடுத்துக்கொள்கின்றன. முளையம் செய்தால் வளர்ச்சி, வளர்ந்த உடம்பில் செய்தால் ஆபத்து.

சரி, ஊர்வது விளங்குகிறது. ஆனால் முழுப் படையும் மடிகிறதே, யார் மடிக்கிறார்கள்?

இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கியதே இந்தக் கேள்விக்காகத்தான்.

முன்பெல்லாம் நான் பற்றீஸ் உதாரணம் சொல்வேன். மாவை வட்டமாகத் தட்டி, நடுவில் கறி வைத்து, மடித்து, விளிம்பை அழுத்துகிறோம் அல்லவா, அப்படி என்று. பிள்ளைகளுக்குப் பிடித்தது, எனக்கும் பசித்தது. ஆனால் அது பிழையான உதாரணம். பற்றீஸை மடிப்பது கை. முளையத்துக்கு வெளியே கை இல்லை.

சரியான உதாரணம் மொட்டைமாடியில் காயும் அப்பளம். யாரும் தொடாமலேயே விளிம்பு மேலே எழுந்து கிண்ணம்போல் குழிகிறது. வெயில் படும் மேற்பக்கம் முதலில் காய்ந்து சுருங்குகிறது. கீழ்ப்பக்கம் இன்னும் சுருங்கவில்லை. ஒரே தட்டின் ஒரு முகம் மட்டும் சிறுத்தால் தட்டு அந்த முகத்தின் பக்கம் வளைவதைத் தவிர வேறு வழியில்லை.

கலப்படையும் அப்படித்தான். படையில் ஒவ்வொரு கலத்துக்கும் மேல்முனையைச் சுற்றி அக்ரின் என்ற புரத நார்களாலான ஒரு வளையம் இருக்கிறது, காற்சட்டை இடுப்பில் ஓடும் நாடா மாதிரி. அந்த நாடாவை இழுத்துச் சுருக்குவது மயோசின் என்ற இன்னொரு புரதம். ஆம், உங்கள் கைத்தசையை மடக்கும் அதே அக்ரினும் மயோசினும்தான். மேல்முனை சுருங்கினாலும் கலத்தின் கனவளவு குறைவதில்லை. உள்ளே இருப்பது கீழ்ப்பக்கம் தள்ளப்பட, நேர்ச் சதுரமாக நின்ற கலம் ஆப்பு வடிவமாகிறது. பக்கத்துப் பக்கத்தில் நூறு ஆப்பு. அவற்றைச் சமதரையாக அடுக்க முடியுமா? வளைந்தே தீரும்.

இதை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா?

நன்றாகவே. பழ ஈயின் முட்டையில். கருக்கட்டி ஏறக்குறைய 3 மணித்தியாலத்தில் வயிற்றுப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பட்டி, அகலத்தில் சுமார் 18 கலம், நீளத்தில் சுமார் 60 கலம், எல்லாம் மேல்முனையைச் சுருக்கத் தொடங்கும். ஏறக்குறைய 15 நிமிடத்தில் அந்த ஆயிரம் கலமும் ஒரு பள்ளமாகி உள்ளே போய்விடும். ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரம்.

கிட்டப்போய்ப் பார்த்தால் இன்னும் அழகு. கலங்கள் ஒரே இழுப்பில் சுருங்குவதில்லை. ஒரு துடிப்பு, கொஞ்சம் சுருக்கம், அப்புறம் ஓய்வு; ஓய்விலும் சுருங்கிய அளவை விட்டுக்கொடுப்பதில்லை. அடுத்த துடிப்பு, இன்னும் கொஞ்சம். கிணற்றில் வாளி இழுக்கும்போது ஒரு கை இழுக்க மறு கை பிடித்துக்கொள்கிறதே, அந்த முறை. 2009 இல் எரிக் வீஷவுஸின் ஆய்வுகூடத்திலிருந்து இது வெளிவந்தது. அதற்கு முன்பே அவரும் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் ஈ முளையத்தின் உருவை அமைக்கும் பரம்பரையலகுகளைத் தேடிப் பட்டியலிட்டு, 1995 இல் எட்வர்ட் லூவிஸுடன் நோபல் பரிசு பெற்றிருந்தார்கள்.

இந்த யோசனை மட்டும் இன்னும் பழையது. 1874 இலேயே வில்ஹெல்ம் ஹிஸ் ரப்பர்க் குழாயை வளைத்து, முளையத்தின் மடிப்புகளும் இப்படிச் சாதாரண விசையால்தான் வருகின்றன என்றார். அக்காலப் பெரியவர்கள் பலர் சிரித்தார்கள். 1947 இல் வாரன் லூவிஸ் பித்தளைச் சட்டங்களையும் ரப்பர் வளையங்களையும் கோத்து ஒரு மாதிரி செய்தார். மேல்வரிசை ரப்பர்களை இறுக்கினால் முழு வரிசையும் வளைந்தது. என் வகுப்பில் ஐஸ்கிறீம் குச்சியும் ரப்பர் பான்டும் வைத்து அதையே செய்கிறோம். பாதிக் குச்சி பறந்துபோய் யாராவது கண்ணுக்குக் கிட்டப் போகும், கவனம்.

ஒரு கலம் இழுத்தால் பக்கத்தில் இருப்பது கிழியாதா?

நாடா இருக்கும் அதே மட்டத்தில்தான் கட்ஹெரின் ஒட்டும் இருக்கிறது. ஒரு கலத்தின் நாடா அடுத்த கலத்தின் நாடாவோடு அந்த ஒட்டு வழியாகப் பிணைந்திருக்கும். ஆகவே இழுப்பு ஒரு கலத்தோடு நிற்காமல் படை முழுவதும் பாயும். ஒட்டைக் கெடுத்துவிட்டால் கலங்கள் சுருங்கும், ஆனால் படை மடியாது. பொத்தான் அறுந்த சட்டையை இழுப்பதுபோல.

முளையம் ஒரு கட்டத்தில் சட்டென்று நீளமாகிறதே, புதிதாகக் கலம் சேர்வதாலா?

பெரும்பாலும் இல்லை. கொழும்பில் ஆடிவேல் பார்த்திருப்பீர்கள். காலி வீதி அகலமாக இருக்கும் இடத்தில் தேருக்கு முன்னால் பத்துப் பேர் தோளோடு தோள் நிற்பார்கள். வீதி ஒடுங்கும் இடம் வந்ததும் பக்கத்தில் நின்றவர் முன்னவருக்கும் பின்னவருக்கும் நடுவில் நுழைவார். ஐந்து பேர் அகலம் ஆகிவிடும். ஒருவரும் புதிதாகச் சேரவில்லை, ஆனால் ஊர்வலம் இரண்டு மடங்கு நீளம்.

கலங்களும் இப்படி ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, அகலத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டுகின்றன. தவளை முளையத்தில் ரே கெல்லர் இதை மிக நுணுக்கமாகக் காட்டினார். முதுகுப்பக்கத்துத் துண்டை மட்டும் வெட்டிப் பாத்திரத்தில் போட்டாலும், தனியாகவே ஒடுங்கி நீளும். இழுக்க அங்கேயும் ஆள் இல்லை. தாங்கள் எந்தத் திசையில் பார்த்து நிற்கிறோம் என்று கலங்களுக்குச் சொல்லும் ஒரு புரதத் தொகுதி உண்டு. எலியில் அது கெட்டால் உடல் நீளாமல் குறுகி, நரம்புக்குழாயின் இரு விளிம்பும் ஒன்றை ஒன்று எட்ட முடியாத தூரத்தில் நின்றுவிடும். அடுத்த கேள்விக்கு இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூளையும் முண்ணாணும் மடிப்பிலிருந்து வருகின்றன என்பது உண்மையா?

உண்மை. மூன்றாம் வாரக் கடைசியில் புறப்படையின் நடுப்பட்டி தடித்து நரம்புத்தட்டு ஆகிறது. அதற்கு நேர் கீழே முதுகுநாண் ஓடுகிறது, இடைப்படைக் கலங்களாலான ஒரு கோல்; முண்ணாண் அல்ல. அது தரும் சைகையால் தட்டின் நடுக்கோட்டுக் கலங்கள் ஆப்பு வடிவம் எடுக்கின்றன. நடு பள்ளமாகிறது, இரு ஓரமும் எழுகின்றன, ஒன்றை நோக்கி ஒன்று சாய்கின்றன, தொடுகின்றன, ஒட்டுகின்றன. தட்டு குழாயாகிவிட்டது. மேலே தோல் மூடிக்கொள்கிறது. வெளியே பார்த்துக்கொண்டிருந்த முகம் இப்போது குழாயின் உள்முகம். மூளைக்குள் நீர் நிறைந்த அறைகள் இருப்பது இதனால்தான். மடிந்தபோது உள்ளே அகப்பட்ட வெளி அது.

மனிதனில் கழுத்துப் பகுதியில் ஏறக்குறைய 22 ஆம் நாள் ஒட்டத் தொடங்கும். அங்கிருந்து தலைப்பக்கமும் வால்பக்கமும் மூடிக்கொண்டு போகும். தலைப்பக்கத் துவாரம் சுமார் 25 ஆம் நாளும், வால்பக்கத் துவாரம் சுமார் 28 ஆம் நாளும் மூடும். தலைப்பக்கம் மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் உருவாகாது, அந்தப் பிள்ளை பிழைக்காது. வால்பக்கம் மூடாவிட்டால் முள்ளந்தண்டுப் பிளவு; அளவைப் பொறுத்து நடப்பதும் சிறுநீரை அடக்குவதும் பாதிக்கப்படலாம்.

விளிம்புகள் ஒட்டும் இடத்தில் இன்னொரு கூட்டம் கழன்று புறப்படுகிறது. நரம்பு முகட்டுக் கலங்கள். முகத்தின் எலும்பு, பல்லின் உட்பகுதி, தோலின் நிறக்கலம், குடலை அசைக்கும் நரம்பு வரை அவை போய்ச் சேர்கின்றன. இவை பெருங்குடலின் கடைசி வரை போய்ச் சேராவிட்டால், பிறந்த பிள்ளைக்கு அந்தப் பகுதியில் குடல் அசையாது, சத்திரசிகிச்சைதான் வழி. நகர்வு என்பது வெறும் பாடப்புத்தகச் சங்கதி அல்ல என்று சொல்ல நான் எப்போதும் எடுக்கும் உதாரணம் இது.

ஃபோலிக் குளிசை இதற்குத்தானா? எப்போது தொடங்க வேண்டும்?

இது அம்மாமார் கேள்வி. நரம்புக்குழாய் ஒழுங்காக மூடுவதற்குத்தான். வேகமாகப் பிரியும் கலங்களுக்கு டிஎன்ஏ கட்ட ஃபோலேட் வேண்டும். 1991 இல் பிரித்தானிய மருத்துவ ஆய்வுச் சபை 7 நாடுகளில் 33 நிலையங்களில் நடத்திய பெரிய பரிசோதனையின் முடிவு வந்தது. ஏற்கனவே இப்படிப் பிள்ளை பிறந்த தாய்மாருக்கு, கர்ப்பத்துக்கு முன்பிருந்தே நாளுக்கு 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்ததில் மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. மற்றப் பெண்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 400 மைக்குரோகிராம், கர்ப்பத்துக்கு முயற்சி செய்யும் நாளிலிருந்து 12 வாரம் வரை. வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் அளவு வேறாகலாம்; அதை டாக்டரிடம் கேளுங்கள், டியூஷன் மிஸ்ஸிடம் அல்ல.

இப்போது கணக்கைப் பாருங்கள். கிளினிக் கார்டில் வாரம் எண்ணுவது கடைசி மாதவிலக்கிலிருந்து. நான் மேலே சொன்ன நாட்கள் கருக்கட்டியதிலிருந்து. இரண்டுக்கும் ஏறக்குறைய இரண்டு வாரம் வித்தியாசம். அப்படியானால் நரம்புக்குழாய் முற்றாக மூடும் 28 ஆம் நாள் கார்டில் ஆறாம் வாரம். மாதவிலக்குத் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான். “இந்த மாதம் வேலை கூட, அதுதான் தள்ளிப்போகுது” என்று நினைத்துக்கொண்டிருக்கும் காலம். என் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி எட்டாம் வாரத்தில் முதல் தடவை டாக்டரிடம் போய், குளிசை வாங்கிக்கொண்டு, “இனிப் பயமில்லைதானே அக்கா” என்றாள். பிள்ளை நன்றாகத்தான் பிறந்தது, பெரும்பாலும் நன்றாகத்தான் பிறக்கும். ஆனால் அந்தக் குளிசை தடுக்க வேண்டிய விஷயம் அவள் டாக்டரிடம் போவதற்கு முன்பே முடிந்திருந்தது. கல்யாணம் முடித்துப் பிள்ளைக்கு ஆயத்தமாக இருப்பவர்கள் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் அப்போதே பேசுங்கள்.

கிரகணத்தன்று கத்தி எடுத்தால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்கிறார்களே?

2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று எங்கள் தொடர்மாடியில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் காலையிலிருந்து அறையை விட்டு வெளியே விடவில்லை. அவருக்கு அப்போது ஆறாம் மாதம்.

முகம் என்பது பல மேடுகள் வளர்ந்து வந்து சந்தித்து ஒட்டுவது. மேடுகளை நிரப்புவது மேலே சொன்ன நரம்பு முகட்டுக் கலங்கள். மேலுதட்டின் பக்க மேடும் நடு மேடும் கருக்கட்டிய ஆறாம், ஏழாம் வாரத்தில் ஒட்டி முடிந்துவிடும். ஒட்டாவிட்டால்தான் பிளவு. அதற்குக் காரணங்கள் பல: பரம்பரை, சில மருந்துகள், புகைத்தல். ஆறாம் மாதத்தில் மரக்கறி வெட்டியதால் ஒட்டிய உதடு பிரியாது. பாட்டியோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. அறையில் இருக்கச் சொன்னால் இருங்கள், ஆனால் பிளவோடு பிறந்த ஒரு பிள்ளையின் தாயிடம் “அன்றைக்கு வெளியே போனாயா” என்று மட்டும் யாரையும் கேட்கவிடாதீர்கள்.

எந்த இடத்தில் எது மடிய வேண்டும் என்று யார் தீர்மானிக்கிறார்கள்?

பக்கத்துக் கலங்கள்தான், பெரும்பாலும். 1924 இல் ஜெர்மனியில் ஹான்ஸ் ஷ்பெமானும் அவருடைய மாணவி ஹில்டே மங்கோல்டும் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். நியூட் என்ற வாலுள்ள நீர்ப்பிராணியின் முளையத்தில், கலங்கள் உள்ளே திரும்பும் துவாரத்தின் முதுகுப்பக்க உதட்டை வெட்டி, இன்னொரு முளையத்தின் வயிற்றுப்பக்கத்தில் ஒட்டினார் ஹில்டே. ஒன்று வெளிறிய இனம், மற்றது நிறமுள்ள இனம். ஆகவே எந்தக் கலம் யாருடையது என்று கண்ணாலேயே பிரித்துப் பார்க்கலாம். வயிற்றில் இரண்டாவது முளையம் ஒன்று வளர்ந்தது, நரம்புக்குழாயோடு. அந்தக் குழாயின் பெரும்பகுதி ஒட்டிய துண்டின் கலம் அல்ல, விருந்தாளிக்கு இடம் கொடுத்த வீட்டாருடையது! வயிற்றுத் தோலாக ஆக வேண்டியிருந்த கலங்களை அந்தச் சின்னத் துண்டு ‘நீ மடி, மூளையாகு’ என்று மாற்றிவிட்டது.

அந்த ஆண்டே ஹில்டே அடுப்பு வெடித்த தீ விபத்தில் இறந்துபோனார். 1935 இல் நோபல் பரிசு ஷ்பெமானுக்குக் கிடைத்தது. கையில் ஊசியும் முடிக்கண்ணியும் பிடித்து அந்த ஒட்டுகளைச் செய்தவர் பெயரைச் சொல்லாமல் பாடம் முடிக்கக்கூடாது என்பது என் வகுப்பில் சட்டம்.

இதயம் ஏன் இடப்பக்கம்?

ஆதிக்கோட்டின் முன்முனையில் ஒரு சிறு குழி. அதில் உள்ள கலங்களுக்கு ஆளுக்கொரு நுண்மயிர், சாய்ந்து சுழலும். சுழற்சியால் திரவம் இடப்பக்கம் ஓடும். அந்த ஓட்டத்தை உணர்ந்த பக்கம் இடம் ஆகிறது. 1998 இல் டோக்கியோவில் ஹிரோக்காவாவின் குழு எலியில் இதைக் காட்டியது. நுண்மயிர் இல்லாத எலிகளில் இடம் வலம் பாதிக்குப் பாதி தற்செயலாக விழுந்தது. உறுப்பெல்லாம் இடம் மாறிப் பிறக்கும் மனிதர் ஏறக்குறைய 10,000 பேரில் ஒருவர்; பலருக்கு ஸ்கேன் எடுக்கும் வரை தெரியாது.

இதயம் முதலில் தலைக்கு முன்னால் இருக்கிறது என்று படத்தில் போட்டிருக்கிறதே, அச்சுப்பிழையா?

அச்சுப்பிழை இல்லை. தட்டையான முளையத்தில் இதயத்துக்கான கலங்கள் தலைக்கு முன்பக்க விளிம்பில்தான் இருக்கின்றன. நான்காம் வாரத்தில் மூளை வேகமாக வளர்ந்து முன்னே சாய, தட்டின் முன்விளிம்பு அடிப்பக்கமாக மடங்கி உள்ளே போகிறது. விளிம்பில் இருந்த இதயம் அந்த மடிப்போடு கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்கு வந்து சேர்கிறது. அதே வேளை இரு பக்க விளிம்பும் கீழே சுருண்டு சந்திக்க, நடுவே அகப்படை குழாயாகிக் குடலாகிறது. இடமும் வலமுமாக இருந்த இரண்டு இதயக்குழாயும் நடுவில் சேர்ந்து ஒன்றாகின்றன. சுமார் 22 ஆம் நாள் துடிப்புத் தொடங்கும்போது மடிப்பு வேலை இன்னும் முடிந்திருக்காது. பக்க விளிம்புகள் முன்னால் சந்திக்கும் வேலை பிழைத்தால், வயிற்றுச் சுவர் முழுதாக மூடாமல் பிள்ளை பிறக்கலாம். குழந்தைச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் நன்கு அறிந்த நிலை அது.

படத்தில் விளங்காவிட்டால் ஒரு கைக்குட்டையை எடுங்கள். முன்விளிம்பின் நடுவில் மையால் ‘இ’ என்று எழுதுங்கள். நான்கு பக்கமும் கீழ்நோக்கி மடித்து அடியில் ஒன்றாகப் பிடியுங்கள். ‘இ’ எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள்.

முதுகுநாண் பிறகு என்ன ஆகிறது?

பெரும்பகுதி மறைந்துவிடும். மிச்சம் முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தட்டுகளின் மெத்தென்ற உட்பகுதியாகிறது. 138 ஆம் இலக்க பஸ்ஸில் தினமும் குலுங்கி ‘டிஸ்க் விலகிப்போச்சு’ என்கிறார்களே, பிதுங்கியது அந்தப் பழைய மனிதர்தான்.

ஆய்வுகூடத்தில் மனித முளையத்தை 14 நாளுக்கு மேல் வளர்க்கக்கூடாது என்கிறார்கள். ஏன் 14?

ஆதிக்கோடு அந்த நாளையொட்டித்தான் விழும். ஒரு முளையம் இரண்டாகி ஒரேமாதிரி இரட்டையர் ஆவதும் பொதுவாக அதற்கு முன்பே. கோடு விழுந்தபின் இது ஒரு ஆள் என்று சொல்ல ஒரு அடையாளம் கிடைத்துவிடுகிறது. 1984 இல் பிரித்தானியாவில் மேரி வோர்னக் குழு இந்த எல்லையைச் சொன்னது, 1990 இல் அங்கே சட்டமானது. குருத்துக்கல ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2021 இல் தன் வழிகாட்டலில் அந்தக் கடும் தடையைத் தளர்த்தியது. நல்லதா கெட்டதா என்று கேட்டால், வகுப்பில் கை தூக்கச் சொன்னேன், பாதிக்குப் பாதி.

தவளையில் வாய் முதலா, குதம் முதலா?

கலங்கள் உள்ளே போகும் துவாரம் இருக்கும் இடம் குதப் பக்கம். வாய் பிறகு வேறு இடத்தில் திறக்கும். விலங்கு வகைப்பாட்டில் நாங்களும் அதே கூட்டம்தான். சிரிப்பு அடங்கினால் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

வீட்டில் முட்டையை உடைத்து இதையெல்லாம் பார்க்கலாமா?

கடையில் வாங்கும் பண்ணை முட்டையில் முடியாது. சேவலோடு சேராத கோழி இட்டது, கருக்கட்டவே இல்லை. சேவலும் பேடும் சேர்ந்து திரியும் வீட்டில் கிடைக்கும் ஊர்க்கோழி முட்டை வேண்டும். மஞ்சட்கருவின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். கருக்கட்டாத முட்டையில் அது ஒழுங்கற்ற சிறு வெண்பொட்டு, கருக்கட்டியதில் ஓரம் தெளிந்த ஒரு வளையம். வளையத்துக்குள் அப்போதே பல ஆயிரம் கலங்கள், ஏனென்றால் முட்டை கோழிக்குள்ளேயே ஒரு நாள் இருந்து வந்தது. 37.5 பாகை செல்சியஸில் வைத்தால் முதல் நாளுக்குள்ளேயே ஆதிக்கோடு, இரண்டாம் நாளுக்குள் மூடிக்கொண்டிருக்கும் நரம்புக்குழாயும் துடிக்கும் இதயமும். 21 ஆம் நாள் குஞ்சு.

ஒரு மாணவன் ஹப்புத்தளையில் இருக்கும் அம்மம்மா வீட்டிலிருந்து பத்து முட்டை கொண்டுவந்து, தன் கொட்டாஞ்சேனை வீட்டுக் குசினியில் ஒரு கிழமை வைத்திருந்துவிட்டு அடைகாக்கும் பெட்டியில் வைத்தான். ஒன்றும் சரிவரவில்லை. மலைநாட்டுக் குளிரில் வைத்திருந்தால் சிலவேளை சரிவந்திருக்கும். ஏறக்குறைய 20 பாகைக்குக் கீழே முளையம் உறங்கிவிடும். பிறகு சூடாக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கொழும்புக் குசினியின் 30 பாகை உறங்கவும் விடாது, ஒழுங்காக வளரவும் விடாது. அரைகுறையாகத் தொடங்கிக் கெட்டுவிடும். முட்டை கிடைத்த அன்றைக்கே பெட்டியில் வையுங்கள், அல்லது 15 பாகையளவு குளிர்ச்சியான இடம் தேடுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் உள்ளறை அதைவிடக் குளிர், அங்கே வைக்க வேண்டாம்.